பதினாறா, ஒன்றா?

கேள்வி: 8÷2(2+2) என்ற கணக்குக்கு என் செல்போன் 16 என்கிறது, மகளின் சயின்டிஃபிக் கால்குலேட்டர் 1 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம், கணக்கை எழுதியவரைத்தான் நம்பக் கூடாது! 2019-இல் இதற்காகச் சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது. அடைப்புக்குள் 4 என்பதில் தகராறு இல்லை. வகுத்தலும் பெருக்கலும் சம அந்தஸ்து என்று இடமிருந்து வலமாகப் போனால் 16. குறியில்லாமல் ஒட்டி நிற்கும் 2(4)-ஐப் பிரிக்க மனமில்லாமல் முதலில் பெருக்கினால் 1. இரண்டு வழக்கமும் புழக்கத்தில் உண்டு. ÷ குறியே வேண்டாம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 80000 தரநிலை.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘எட்டை இரண்டால் வகுத்து நாலால் பெருக்கு’; ‘எட்டை இருநான்கால் வகு’. தமிழில் குழப்பமே வராது! எழுதும்போது இன்னொரு ஜோடி அடைப்புக்குறி போடுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே விடை சொல்லும்.