ஒரு வாசலுக்கு ரெண்டு காவக்காரன்

வாடா மருமகனே, உக்காரு. கடையில பில் போடுற சாப்ட்வேர் திறக்க மாட்டேங்குதாமே? இருக்காதா பின்ன! காசுக்கு வாங்குன ஆன்டிவைரஸ் ஒண்ணு, ஓசியில கிடைச்சது இன்னொண்ணு. ஒரே வாசலுக்கு ரெண்டு காவக்காரன். நீ ஒரு ஃபைலைத் தொட்டா முதல் ஆளு மறிச்சுச் சோதனை போடுறான். அவன் அதைத் திறக்குறதைப் பாத்து, ரெண்டாவது ஆளு அவனை மறிக்கிறான். நடுவுல உன் பில்லு நிக்குது. மூணாவதா ஒருத்தனையும் போட்ரு. கடைய நீ பூட்டவே வேண்டாம், தானாப் பூட்டிக்கிடும்.

விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் விவரமான ஆளு. வேற ஆன்டிவைரஸ் முறையா வந்து உக்காந்தா, பெரும்பாலும் தானா ஒதுங்கிக்கிடுவான். இவுக ரெண்டு பேருக்கும் அந்தப் பெருந்தன்மை எங்க இருக்கு?

கவலைப்படாத, பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்துருக்கு. 2010 ஏப்ரல்ல மெக்கஃபி, விண்டோஸ் எக்ஸ்பிக்கு உசிரான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ்னு பிடிச்சு அடைச்சது. மெஷினெல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எந்திரிச்சது. எனக்குப் பிடிச்சது 2012 செப்டம்பர்ல சோஃபோஸ் பண்ணுன கூத்துதான். தன்னோட அப்டேட் புரோகிராமையே திருடன்னு பிடிச்சிருச்சு! சரி பண்ணி அனுப்புனாலும் வாங்க வேண்டிய கையில விலங்கு. அப்படி ஒரு நேர்மைய நம்ம ஊருப் பஞ்சாயத்துலகூட நான் பாத்ததில்ல.

2024 ஜூலை 19ல க்ரவுட்ஸ்ட்ரைக்குங்கிற இன்னொரு பாதுகாப்புக் கம்பெனி அனுப்புன ஒரு கோளாறான அப்டேட்டுல, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரை காட்டி மல்லாந்துச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாக. காவக்காரனுக்கு விண்டோஸோட உள்ளறையான கெர்னல் வரைக்கும் சாவி குடுத்திருக்கோம்ல? அவன் தடுக்கி விழுந்தா வீடே சாயும்.

அதுக்காக ரெண்டையும் தூக்கி எறிஞ்சிறாத, புத்திசாலி! ஒண்ணை மட்டும் கழட்டு. அதைக் கழட்டுறதுக்குன்னே கம்பெனிக்காரன் தனியா டூல் வச்சிருந்தா அதையே போடு. இல்லேன்னா வேலைய விட்டுப் போனவன் ஒரு கால உள்ளயே வச்சிருப்பான். மிச்சம் இருக்கவன்கிட்ட பில் சாப்ட்வேர் ஃபோல்டரை மட்டும் விதிவிலக்குல சேரு. சோம்பேறித்தனமா ‘சி’ டிரைவ் மொத்தத்தையும் எழுதி வச்சிராத.

ஆமா, அந்த பில் சாப்ட்வேரை விலை குடுத்துத்தான வாங்குன? ஏன் தலையச் சொறியிற? கிராக் பண்ணுனதா? அடப்பாவி, அந்த ரெண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்துலதானா!