இரும்புக்கை மாயாவியின் சட்டை எங்கே போகிறது? – ஒரு முன்னாய்வு

1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி, முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது முதல் இன்றுவரை, அக்கதைகளைப் பற்றிப் பேசியோர் அனைவரும் மறையும் உடம்பைப் பற்றியே பேசி வந்துள்ளனர். உடம்போடு சேர்ந்து மறையும் சட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்தாரில்லை. இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். அப்படியோர் இடைவெளி உண்மையில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஆய்வாளர் வேலையன்று. இருக்கிறது என்று முதல் பத்தியில் எழுதிவிடுவதே மரபு. எனவே எழுதப்பட்டது. சிக்கல் இதுதான்: பின்னாளில் மாயாவியாகும் லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வக உதவியாளர் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து, அவ்விடத்தில் இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். பின்பு உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. இரும்பு மறையாதது சரி. கோட்டு, சட்டை, கால்சட்டை, சப்பாத்து எல்லாம் ஏன் மறைந்தன? மின்சாரம் அவர் உடம்பில் பாய்ந்ததா, தையற்காரர் கடையில் பாய்ந்ததா?

மூலநூல் வரலாறு சுருக்கமாக: இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் இது, கென் புல்மர் எழுதத் தொடங்கி டாம் டல்லி தொடர்ந்தார், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ. இனி தமிழ் இதழ்களின் மதிப்புரை. ‘உறைபனி மர்மம்’: பனி உண்டு. ‘பாம்புத் தீவு’: தலைப்பு நேர்மையானது. ‘நாச அலைகள்’: நன்று. ‘இயந்திரத் தலை மனிதர்கள்’: கைக்கு இரும்பு என்றால் தலைக்கும் இரும்பா என்னும் வினாவை எழுப்பும் வகையில் முக்கியமானது, வினா இங்கே விடப்படுகிறது. ‘யார் அந்த மாயாவி?’: தொடரின் பெயர் தெரியாதவர்களுக்கு மட்டும் மர்மம். மதிப்புரை முற்றிற்று. எந்த இதழும் சட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லாததால், விரிவான விமர்சனத்துக்குரிய தகுதியை அவை தாமே இழந்துவிட்டன.

மறையும் மனிதர் என்னும் வகைமையில் மூத்த பனுவல் எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட நாவல். அதில் கிரிஃபின் என்பவர் மறைவார். அவர் உடுப்பு மறையாது. ஆகவே யார் கண்ணிலும் படாமல் உலாவ வேண்டுமென்றால், இங்கிலாந்துக் குளிரில் பிறந்தமேனியாகத் திரிய வேண்டும். ஆள் நடுவே வர வேண்டுமென்றால் முகம் முழுக்கக் கட்டுத்துணி சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். மாயாவிக்கோ இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஒரே நாட்டில், அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில், துணி தன் குணத்தை மாற்றிக்கொண்டதா? வார இதழ் படிக்கும் பிள்ளைகள் முன்னால் கதாநாயகனை அம்மணமாக ஓடவிட முடியாது, அதனால் ஆசிரியர் குழு உடுப்பையும் மறைத்துவிட்டது என்று ஒரு சாரார் கூறுவர். இந்த விளக்கம் எளிதாக இருக்கிறது, சொன்னதும் புரிகிறது, பத்து வயதுப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். ஆதலால் ஆய்வுலகில் இதற்கு இடமில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் வேறு: தைத்த துணி மறையும், சுற்றிய துணி மறையாது. கிரிஃபினின் கட்டுத்துணி சுற்றியது, கண்ணுக்குத் தெரிந்தது. கிராண்டேலின் கோட்டு தைத்தது, மறைந்தது. தையல் என்பது நூல் உள்ளே போய் வெளியே வரும் ஒரு தொடர்சுற்று. மின்சாரம் ஓடத் தேவையானதும் ஒரு தொடர்சுற்றுதான். இதற்குமேல் நிறுவ ஒன்றுமில்லை என்றாலும், கட்டுரை நீள வேண்டியிருப்பதால் களச்சான்றுக்குச் செல்வோம். (தையலும் மின்சுற்றும் ஒன்றே என்பதற்குக் காண்க: இக்கட்டுரையின் அடிக்குறிப்பு 9, இடமின்மையால் அச்சிடப்படவில்லை.)

களம் ராஜபாளையம். காரணம் வெளிப்படை. உலகின் வேறெந்த ஊரிலும் இச்சிக்கலின் இரு தரப்பும் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கவில்லை. ஊருக்கு ஒரு பக்கம் சத்திரப்பட்டி. அங்கே தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி, அதாவது சுற்றுவதற்கென்றே பிறந்த துணி. இன்னொரு பக்கம் தளவாய்புரம். அங்கே வீட்டுக்கு வீடு தையல் மெஷின், தைப்பது நைட்டி. ஆகவே கிரிஃபின் சத்திரப்பட்டி மரபினர், கிராண்டேல் தளவாய்புரம் மரபினர் என்பது கண்கூடு. பேண்டேஜ் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தால், இழைக்கும் இழைக்கும் நடுவே அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும் அளவுக்குக் கண் விட்டிருக்கும். ஏறக்குறைய மறைந்தே போன அந்தத் துணிதான் கிரிஃபினைக் காட்டிக்கொடுத்தது. நைட்டியோ கழுத்து முதல் கணுக்கால் வரை ஆளையே விழுங்கும் கெட்டித் துணி. மறைக்க வேண்டியது மறைகிறது. மறைய வேண்டியது தெரிகிறது. துணியியலின் இந்த முரண் இதுவரை எங்கும் பேசப்படவில்லை. (காண்க: அடிக்குறிப்பு 14, அதன் கீழ் உள்ளடிக்குறிப்பு ஆ; அதற்கான மறுப்பு 14-இ; மறுப்பை எழுதியவரும் இக்கட்டுரையாளரே என்பதால் விவாதம் மிகுந்த நாகரிகத்தோடு நடைபெற்றது.)

இந்த இரு மரபுகளுள் காலத்தால் முந்தியது எது என்பதில் கருத்து வேறுபாடு எழக்கூடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும், அச்சகமும் புத்தகமும் எங்களுடையவை என்று சிவகாசியும் மாயாவியின் பூர்வீகத்துக்கு உரிமை கோரலாம். தமிழக அரசு முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையதா மதுரையுடையதா என்று இன்னமும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்போர் உள்ளவரை, மாயாவியின் பூர்வீகத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவது அவர்கள் பிழைப்பில் மண் போடுவதாகும். விட்டுவிடுவோம்.

இனித் தடைகளும் விடைகளும். தடை ஒன்று: கிரிஃபினின் கோட்டும் கால்சட்டையும் தைத்தவைதாமே, அவை மறையவில்லையே? விடை: கிரிஃபின் மறைந்தது ஒளிவிலகலை மாற்றியதால், மின்னதிர்ச்சியால் அன்று. அப்படியானால் இருவரையும் ஒப்பிட்டதே செல்லாதே என்று கேட்பவர், ஒப்பிலக்கியத் துறைப் பக்கம் ஒதுங்காதவர். செல்லாத இரண்டை ஒப்பிட்டு நூற்றுக்கணக்கான பட்டங்கள் வழங்கப்பட்ட நாட்டில், இந்த ஒன்றை மட்டும் தடுத்து நிறுத்துவது முறையன்று. தடை இரண்டு: லண்டனில் அன்று 240 வோல்ட், நம்மிடம் 230, பத்து வோல்ட் குறைவில் கோட்பாடு நிற்குமா? விடை: சட்டைக் காலர் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். கரண்ட் போகும் நேரத்தில் கோட்பாடு அறவே இயங்காது. அது கோட்பாட்டின் குறையன்று. தடை மூன்று: பிற்கால இதழ்களில் மாயாவிக்கு அசல் சூப்பர் ஹீரோ போல உடம்போடு ஒட்டிய தனி உடை தரப்பட்டதே, யாருக்கும் தெரியாமல் மறைகிறவருக்கு எதற்கு உடை? உண்மையிலேயே நல்ல கேள்வி. ஆனால் அவ்வுடையும் தைத்ததே என்பதால், நமக்குச் சாதகமான சான்றாக அதை எடுத்துக்கொண்டு மேலே செல்கிறோம்.

தடை நான்கு கொஞ்சம் வலியது. தெரிவது, மறைவது எல்லாம் தூரிகைக்காரரின் வசதி; ஆளை வரையாவிட்டால் வேலை மிச்சம் என்பார்கள். இதைச் சொல்வோர் பிளாஸ்கோவின் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்களல்லர். முகம் இருந்தால் புருவத்தை நெரித்துக் கோபத்தைக் காட்டிவிடலாம். இங்கே இருப்பது மணிக்கட்டோடு நின்றுபோன ஓர் உலோகக் கை. விரல்கள் பாதி மடங்கியிருந்தால் தயக்கம், சுட்டுவிரல் நீண்டால் மிரட்டல், கதவுக் குமிழை நோக்கி மெல்லச் சரிந்தால் களவு. பின்னால் மேசை விளக்கும் நாற்காலியும் நிழலும் புகைப்படம் போலத் துல்லியமாக இருப்பதால்தான் நடுவே உள்ள வெற்றிடத்தில் ஓர் ஆள் நிற்கிறார் என்று கண் நம்புகிறது. சட்டை மட்டும் தெரிந்திருந்தால் இத்தனையும் கெட்டு, கொடியில் காயும் துணிக்குக் கை முளைத்தது போல ஆகியிருக்கும். இந்தப் பத்தியில் உண்மை கலந்துவிட்டது. வாசகர் பொறுத்தருள்க, ஆய்வு தொடர்கிறது.

தடை ஐந்து: நாய். மறைந்தவரை மனிதர் அறியாவிட்டாலும் மோப்பத்தால் நாய் அறியுமே? எந்த நாய் என்பதே எதிர்க்கேள்வி. 2005-இல் அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு இந்திய நாயினங்களில் ஒன்று ராஜபாளையம்: பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நீண்ட கால். அது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். வெள்ளை நிறத்தோடு ஒட்டிவரும் குறையால் சில குட்டிகளுக்குக் காதும் கேளாது. அப்படிப்பட்ட நாய்முன் மாயாவி நின்றால், அதற்கு ஆள் இல்லை, காலடி ஓசை இல்லை. மூன்றடி உயரத்தில் பளபளவென்று ஒரு கை மட்டும் போகிறது. நாய் என்ன செய்யும் என்பதற்கு உரையாசிரியர் தேவையில்லை. ‘நிழற்படை’ உளவாளியான கிராண்டேல் உலகெங்கும் சுற்றியும் ராஜபாளையம் பக்கம் வராத காரணத்தை இதைவிடத் தெளிவாக எவராலும் விளக்க முடியாது. (காண்க: அடிக்குறிப்பு 31, அதை நாய் கடித்துவிட்டது.)

ஒருவேளை வந்திருந்தால்? ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ஊர் வழக்கப்படி வேட்டி கட்டி, சட்டைமேல் துண்டு போட்டு, வடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது அலங்கார விளக்கு வயர் உரசினால் என்ன ஆகும்? நம் கருதுகோளின்படி சட்டை தைத்தது, மறையும். வேட்டி சுற்றியது, மறையாது. துண்டு வெறுமனே போட்டது, மறையாது. ஆகத் தேர்வடத்தில் ஓர் இரும்புக்கை, அதற்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு வேட்டி, நடுவில் காற்று. கூட்டத்தில் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தேர் நகர வேண்டும், கை எவருடையதானால் என்ன?

எஞ்சி நிற்பது ஒட்டிக்கோ வேட்டி. அது சுற்றுகிற துணிதான்; ஆனால் ஒட்டும் பட்டை ஓரத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. தைத்த பட்டை மறைந்து சுற்றிய வேட்டி மட்டும் நின்றால், அதைப் பிடித்து நிறுத்துவது எது? வேட்டி இறங்கும் என்போர் ஒரு சாரார். மறைந்த பட்டையும் ஒட்டத்தான் செய்யும் என்போர் மறுசாரார். இறங்கினாலும் உள்ளே ஒன்றும் தெரியப்போவதில்லை, இதற்கு ஏன் சண்டை என்போர் மூன்றாம் சாரார். மூன்றாமவர்க்கு ஆய்வு மனப்பான்மை போதாது. இதைத் தீர்க்க இரண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூட்டியாக வேண்டும். பன்னாட்டுத் தன்மைக்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் ஒருவர் போதும். பதிவுக் கட்டணத்தில் கோப்புறை, பேனா, மதியச் சாப்பாடு, வராதவர்க்கும் சான்றிதழ் ஆகியவை அடங்கும். பால்கோவாவுக்குத் தனிக் காசு.