கொண்டை ஊசி வளைவும் அறை வாடகையும்: கொல்லிமலை லாட்ஜுகள் குறித்து ஒரு முன்னாய்வு

மலையூர் லாட்ஜில் வாடகையை முடிவு செய்வது வருகிறவரின் வயிறு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கட்டில், மெத்தை, சுவர் டிவி முதலியவை துணைக் காரணிகளே.

களம்: காரவள்ளியிலிருந்து செம்மேடு செல்லும் சாலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் குடும்பத் தலைவர், "எண்ணூறுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்" என்று அறிவிக்கிறார். பத்தாவது வளைவில் சின்னவனுக்கு எலுமிச்சம்பழம். முப்பதாவதில் பெரியவளுக்குப் பிளாஸ்டிக் பை. ஐம்பதுக்குமேல் வளைவை யாரும் எண்ணுவதில்லை. செம்மேட்டில் இறங்கியதும் முதலில் தென்படும் லாட்ஜ் படியில் தலைவர் உட்கார்ந்துவிடுகிறார். "ஆயிரத்து ஐந்நூறு சார், கீசர் இருக்கு" என்கிறார் மேனேஜர். தலை அசைகிறது. அது சம்மதமா தலைசுற்றலா என்பது மேலாய்வுக்குரியது.

ஒப்பீட்டுக்கு, வளைவுகள் குறைந்த முள்ளுக்குறிச்சி வழியாக வருவோரை எடுத்துக்கொள்ளலாம். தெளிந்த முகத்தோடு இறங்கும் இவர்கள் நாலு லாட்ஜ் ஏறி இறங்கி, தலையணையை முகர்ந்து, குழாயைத் திறந்து பார்த்து, முந்நூறு ரூபாயாவது குறைத்துவிடுகிறார்கள். அதே அறை, அதே கீசர். கீசரின் சிவப்பு விளக்கு இரு தரப்புக்கும் எரியும். வெந்நீர் என்னவோ விறகடுப்பிலிருந்து பக்கெட்டில்தான் வரும், அதுவும் எட்டு மணிக்குள் கேட்டால்.

இலக்கியச் சான்று இல்லாமல் தமிழாய்வு ஏது? புறநானூற்று 152ஆம் பாட்டில் இம்மலைக்குரிய வல்வில் ஓரி, காட்டில் எதிர்ப்பட்ட பாணர்களுக்கு, வேண்டியதைச் சொல்லக்கூட விடாமல், இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் தருகிறான். தன் புகழைக் கேட்டு நாணவும் செய்கிறான். அந்த நாணம் இன்றும் மலையில் உண்டு: வாடகையைப் பலகையில் எழுதிப்போட லாட்ஜ்காரர்கள் கூசுகிறார்கள்.

வரி: ஆயிரம் ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18இல் போனது; 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5. "பில் வேணுமா சார்?" என்ற கேள்வியின் தொனி மட்டும் மூன்று காலத்திலும் மாறவில்லை.

மறுநாள் இன்னொரு காரணி சேர்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கியவர் ஏறித்தான் ஆக வேண்டும். மேலே வந்து முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு முழங்காலைப் பிடித்தபடி அறைக்குத் திரும்புபவருக்கு நேற்று குத்திய மெத்தை இன்று இலவம்பஞ்சு. ஆகவே லாட்ஜ் பற்றி யாரிடமாவது அபிப்பிராயம் கேட்பவர்கள், அதைச் சொன்னது படி ஏறுவதற்கு முன்பா பின்பா என்று விசாரிப்பது முறை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் வயிறு, வளைவு, வழி எதுவும் செல்லாது. "ரூம் இல்லை சார், மொட்டை மாடில பாய் போட்டுத் தரட்டுமா?" என்பார் மேனேஜர். முள்ளுக்குறிச்சிக்காரருக்கும் அதே விலைதான், போர்வைக்குத் தனி.