தொண்ணூறாம் நாள் மனிதர்

அரசுடைமை வங்கியின் கிளை மேலாளர் என்னும் மனிதரை ஆராயப் புகுவோர், அவரை ஆண்டின் எந்த மாதத்தில் பார்த்தோம் என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ஜூலையில் வாடிக்கையாளருக்கு டீ வரவழைத்து மகளின் படிப்பை விசாரிக்கும் அதே மனிதர், மார்ச்சில் அந்த வாடிக்கையாளருடைய மைத்துனரின் வீட்டு வாசலில், அவர் என்றோ போட்ட ஜாமீன் கையெழுத்தை நினைவூட்டுவதற்காக நின்றுகொண்டிருப்பார். இந்த மாற்றத்துக்குக் காரணம் அவருடைய குணம் அன்று, ஓர் எண். வட்டியோ அசலோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன், அதாவது வங்கிக்கு வருமானம் தருவதை நிறுத்திவிட்ட கடன், என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2004 மார்ச்சுக்கு முன் இந்தக் கெடு 180 நாட்களாக இருந்தது என்பதை மூத்த மேலாளர்கள், தங்கம் மலிவாக விற்ற காலத்தைப் பற்றிப் பேசும் குரலில் சொல்வதுண்டு.

வாராக்கடன் ஆவதற்கு முந்தைய 90 நாட்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. முதல் 30 நாட்கள் எஸ்எம்ஏ-0, அடுத்த 30 நாட்கள் எஸ்எம்ஏ-1, கடைசி 30 நாட்கள் எஸ்எம்ஏ-2 என்று, தனிக் கவனம் வேண்டிய கணக்குகள் மூன்று படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. படி ஏற ஏற மேலாளரின் குரல் கடுமையாகும் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். முதற்படியில் ‘சார்’ என்று அழைக்கப்படும் கடனாளி, இரண்டாம் படியில் ‘அண்ணே’ ஆகிறார். மூன்றாம் படியில், ‘அண்ணே, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது’ என்று மேலாளரே கடன்பட்டவர்போல் இறங்கிவிடுகிறார். திருமண வீட்டில் மணமகனின் தந்தை கைகூப்பி வரவேற்கும்போது, அது அவருடைய எழுபத்திரண்டாம் நாள் என்பது மேலாளரின் நினைவுக்கு வருவதும், மண்டப வாடகையும் மேளச் செலவும் தவணைத் தொகையோடு ஒப்பிடப்படுவதும், பாயசத்தின் சுவை அதனால் குறைவதும் அவர் கட்டுப்பாட்டில் இல்லாத நிகழ்வுகள்.

முன்பு இதில் ஒரு கைவினை இருந்தது. வாராக்கடனாகிவிட்ட கணக்கில் நிலுவை வட்டியை மட்டும் எப்படியோ கட்டவைத்து, அதை மீண்டும் நல்ல கடன் வரிசையில் சேர்த்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. கணவரின் பாக்கியை மனைவியின் பெயரில் எடுத்த நகைக்கடனால் அடைக்கவைத்த கலைஞர்களும் உண்டு. 2021 நவம்பரில் வந்த விளக்கச் சுற்றறிக்கை, வட்டியும் அசலுமாக நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு நலம்பெறும் என்றும், வகைப்படுத்துதல் அன்றன்றைய நாள்முடிவுக் கணக்கோடு நடக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரவில் கணக்கு முடிக்கும் கணினிக்கு மைத்துனர் கிடையாது. அதனிடம் ‘நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டிவிடுவார்’ என்று சொல்லவும் வழியில்லை.

மேலாளரை உண்மையில் வாட்டுவது நிலுவையைக் காட்டிலும் ஒதுக்கீடுதான். வராமல் போகக்கூடிய தொகைக்காக இலாபத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துவைக்கும் பணத்துக்கு ஒதுக்கீடு என்று பெயர். 10 லட்சம் ரூபாய்க் கார்க்கடன் ஒழுங்காக நடக்கும்வரை அதற்கு 0.40 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். அது வாராக்கடனான அன்றே, ஈடு உள்ள கடன் என்றாலும், 15 சதவீதமாகிய ஒன்றரை லட்சம் ரூபாயை ஒதுக்க வேண்டும். ஓராண்டு கழிந்தால் அது சந்தேகக் கடன். அதன்பின் ஈட்டு மதிப்புக்கு உட்பட்ட பகுதிக்கு 25, பிறகு 40, இறுதியில் 100 சதவீதம் என்று ஒதுக்கீடு ஏறும். இதோடு, கைக்கு வராமலேயே வருமானமாக எழுதிக்கொண்ட வட்டியையும் திருப்பி எழுத வேண்டும் என்பது, விருந்துண்டு ஏப்பம் விட்டவரை மறுபடி பந்திக்கு அழைத்து இலைக்குக் காசு கேட்பதைப் போன்றது.

கிளையின் மொத்தக் கடனில் வாராக்கடன் எத்தனை சதவீதம் என்பதே மேலிடம் கேட்கும் கேள்வி. அது ஒரு பின்னம் என்பதால், தொகுதியைக் குறைக்க முடியாதவர் பகுதியைப் பெருக்கலாம் என்ற உண்மையை மேலாளர் விரைவில் கண்டுபிடிக்கிறார். புதுக் கடன் எதுவும் முதல் மூன்று மாதம் குற்றமற்றது. நாட்டு அளவில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2024 மார்ச்சில் 2.8 ஆக இறங்கியது. அந்த மலையின் பெரும்பகுதி எஃகு, மின்சாரம், சாலை போன்ற துறைகளின் பெருநிறுவனங்களுக்குத் தலைமை அலுவலகங்கள் வழங்கியது; கண்டிப்பான சுற்றறிக்கைகள் மட்டும் நாற்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காக வெயிலில் மொபெட் ஓட்டும் இவருக்கும் பாகுபாடின்றி வந்தன.

அந்த இறக்கத்தில் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட கடன்களுக்கும் பங்கு உண்டு. முழுவதும் ஒதுக்கீடு செய்தபின் கடனைக் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் கடனாளியின் பொறுப்பு தீராது, வசூல் தொடரும். தொலைக்காட்சியோ இதைத் ‘தள்ளுபடி’ என்று சொல்லிவிடுகிறது; மறுநாள் காலை கிளை திறக்குமுன்பே, ‘எங்களுக்கு எப்போது சார்?’ என்று கேட்க ஒரு சிறு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். அன்று டீ வருவதில்லை.

மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணை கட்டப்படாமலே இருந்தால், அது ஜூன் 29 நாள்முடிவில் வாராக்கடனாகும். இடமாற்ற உத்தரவுகள் பெரும்பாலும் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகின்றன.