மந்திரிக்குப் போட்ட பவுடர்

வாய்யா பேராண்டி, உக்காரு. திண்ணையில கிருமி இருக்குமோன்னு யோசிக்காத. அதெல்லாம் நம்ம வீட்டுலயே பொறந்து வளந்தது, ஒனக்குப் பங்காளி முறைதான். பஸ்ஸ விட்டு எறங்கினதும் அந்த வாசனைத் தண்ணியப் பீச்சிக் கையத் தேச்ச, பாத்தேன். தேச்ச கையோட போனை எடுத்துத் தடவின, அதையும் பாத்தேன். விடிஞ்சதுலருந்து அந்தப் போனு ஒங்கூட எங்கெல்லாம் வந்து குந்தியிருந்துச்சுன்னு நான் கேக்கல.

போன மாசம் மந்திரி வந்தாரு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர்ல கோடு இழுத்தாங்க பாரு, மார்கழிக் கோலம் பிச்சை வாங்கணும். மந்திரி ரோட்டை நக்கிக் குடிப்பாருன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல. கெணத்துக்கு ஒரு சிட்டிகை கெடையாது. கேட்டா, "மூட்டை இருக்கு தாத்தா"ங்கிறாங்க. போய்ப் பாத்தேன். ஒரு வருசமா வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. காரமெல்லாம் காத்தோட போயி, இப்ப அது வெறும் சுண்ணாம்பு. வெத்தலைக்குக்கூட ஆகாது.

அதான் பிரிக்காத பாக்கெட்டா வாங்கியாந்திருக்கேன். நீ படிச்சவன், கணக்குப் போடு. கெணத்து அகலம் 2 மீட்டர், தண்ணி நிக்கிறது 3 மீட்டர். ஒம்பதாயிரத்துச் சொச்சம் லிட்டர் வருதா? 1000 லிட்டருக்கு 2.5 கிராம். ஆகமொத்தம் 24 கிராம், ஒரு கைப்பிடிகூட இல்ல. அதையும் அப்படியே வீசிராத. வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் கொழப்பி, முக்கா வாளிக்கு ஊத்திக் கலக்கி, பத்து நிமிசம் வையி. சுண்ணாம்பு அடியில தங்கிரும். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில இறுத்து, கயித்தக் கட்டி உள்ள எறக்கி, மேலயும் கீழயும் ஆட்டு. அப்புறம் ஒரு மணி நேரம் எவளையும் கொடத்தோட கிட்ட விடாத. ராத்திரி செஞ்சா சண்டை மிச்சம்.

எங்க ஆத்தா பானைக்குள்ள தேத்தாங்கொட்டையத் தேச்சுத்தான் தண்ணி ஊத்துவா. கலங்கல் எறங்கி, மொகம் பாக்கலாம். கிருமிக்கும் அதுல மொகம் பாக்க வசதிதான். அதனால கொதிக்க வச்சுத்தான் குடிக்கக் குடுப்பா.

ஒங்க அத்தை இருக்காளே, கக்கூசுல ப்ளீச்சிங் பவுடரத் தூவி, அதுமேலயே ஆசிட்டையும் ஊத்தினா. ரெட்டைச் சுத்தமாம்! கெளம்பின குளோரின் புகையில இருமிக்கிட்டே தெருவுக்கு ஓடியாந்தா. ரெண்டும் சேந்தா விசக்காத்து தாயின்னேன். மூணு நாளா எங்கூடப் பேச்சில்ல.

சரி, வாளிய எடு. ரோட்டுப் பக்கமாப் போகாத, எவனாவது கூப்பிட்டுக் கோடு போடச் சொல்லிருவான்.