தோஹாவில் உழைத்து மாத்தளைக்கு வரி கட்டுவது எப்படி?

முதலில் கடவுச்சீட்டை விரித்து நாளை எண்ணுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் 183 நாள் இலங்கையில் இருந்தால் வரிச் சட்டப்படி நீங்கள் வதிவாளர். வருஷமெல்லாம் தோஹா வெயிலில் காய்ந்து, ஒரு மாத லீவில் ரத்தோட்டைக்கு வந்து போகிறவர் பொதுவாக வதியாதவர். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வதியாதவரிடம் இலங்கையில் கிடைத்த வருமானத்துக்கு மட்டுமே வரி கேட்கிறது. தோஹா சம்பளத்தில் அதற்குப் பங்கில்லை. கத்தாரிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் உக்குவெலயில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறதே, அது இந்த மண்ணின் வருமானம். கணக்கில் வரும்.

அடுத்தது வரி இலக்கம். 18 வயது தாண்டியவர்கள் எல்லாரும் 2024 ஜனவரி முதல் பதிய வேண்டும் என்று அறிவித்ததும், "நம்பர் எடுத்தா கையோட வெட்டிடுவாங்களாம்" என்ற பேச்சு லயத்துக்கு லயம் ஓடியது. இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை நிவாரணம் உண்டு. கொழுந்து எடுக்கும் அம்மா எத்தனை கிலோ கூடுதலாக எடுத்தாலும் அந்த எல்லையை எட்டமாட்டார். இருந்தும் அம்மா பெயரில் நீங்கள் போட்ட நிலையான வைப்பின் வட்டியில் வங்கி 10 சதவீதத்தைப் பிடிக்கிறது. இலக்கம் எடுத்து, வருமானம் 18 இலட்சத்துக்குள்தான் என்று சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்காது. பயந்து இலக்கம் எடுக்காதவர்தான் வரி கட்டுகிறார்.

விண்ணப்பிக்குமுன் அம்மாவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, வங்கிப் புத்தகத்தில் முத்துலக்சுமி, பிறப்புச் சான்றிதழில் அன்று எழுதியவர் காதில் விழுந்தபடி. அடையாள அட்டையில் இருப்பதையே எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டால் நான்காவதாக ஒன்று சொல்வார்.

வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். வரி விவரத்திரட்டு அடுத்து வரும் நவம்பர் 30 க்குள் போய்ச் சேர வேண்டும். இது சுலபம்.

கடினமானது மாமாவின் மதிப்பீடு. மாசி மகத்துக்கு, மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரதம் பார்க்கவென்று லீவில் வருகிறீர்கள். மாமாவுக்கு 183 நாள் எல்லாம் தேவையில்லை. கட்டுநாயக்கவில் வேன் ஏறிய நிமிடமே நீங்கள் வதிவாளர். "மருமகனே, ரியால் இப்ப என்ன விலை போகுது?" என்றால் அறிவித்தல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உலக வருமானம் முழுதும் வரிக்கு உட்பட்டது, ஓவர்டைம் உட்பட. நிவாரணம் பூச்சியம். வட்டிக்கு வாங்கித்தான் போனேன் என்பதைக் கழிவாகக் காட்ட முடியாது. மேன்முறையீட்டை விசாரிப்பவர் அம்மா. அவர் மாமாவின் அக்கா.

சந்தேகம் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழையுங்கள். மாமா விஷயத்தை மட்டும் அங்கே கேட்காதீர்கள்.