புல்வெளியில் கோதுமை

1967 தேர்தலில் எங்கள் அப்பா, காங்கிரஸ் வேட்பாளர் சி.சுப்பிரமணியத்துக்கு ஓட்டுப் போடவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் போடவில்லை. கோபிச்செட்டிபாளையம் தொகுதியில் அவர் தோற்றார். அந்தத் தோல்வியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற நினைப்பு எனக்கு இன்றுவரை இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல் வயல். நெல் விளைகிற ஊரிலேயே ரேஷன் கடை வரிசையில் நின்றோம். விளைந்ததில் அரசாங்கத்துக்கு லெவியாக அளந்தது போக மிஞ்சியது தை மாதத்தைத் தாண்டாது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் மாவு உப்புமாவும் பால் பவுடரைக் கரைத்த பாலும் கொடுப்பார்கள். அந்த மாவு அமெரிக்காவிலிருந்து வருகிறது என்று வாத்தியார் சொன்னபோது, அத்தனை தூரத்திலிருந்து ஏன் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வந்தால் போதும் என்றிருந்தது.

ஏன் வந்தது என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. பெரும்பாலும் அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டத்தில், 1966-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. கப்பல் வந்தால்தான் இங்கே உலை கொதிக்கும். அமெரிக்க அதிபர் ஜான்சன் அதையும் மொத்தமாகத் தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கையை இறுக்கிப் பிடித்துத்தான் அனுப்பினார். அந்த நாட்களில் தில்லியில் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் எங்கள் கோவை ஜில்லாக்காரர், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.எஸ். என்ற இதே சி.சுப்பிரமணியம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நல்ல பேர் வாங்கியதில்லை. 1964-ல் பிரதமர் சாஸ்திரி கேட்டபோது அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்.

அவர் செய்தவற்றைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. இயற்பியல் படித்த மனிதர். விஞ்ஞானி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் முதன்முறையாக ஒரு விஞ்ஞானியை, பி.பி.பாலை, 1965-ல் உட்கார வைத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்கள் சோதனை வயலில் வளர்த்துக் காட்டிய மெக்சிகோ குட்டைக் கோதுமையை நாடு முழுவதும் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். உரம் இறக்குமதிக்கு அன்னியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார். அன்னிய விதை மண்ணைக் கெடுக்கும் என்றார்கள் சிலர், பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சில் உண்மை இல்லாமலில்லை. தண்ணீர் இருந்தவன் தழைத்தான், மானாவாரிக்காரன் அப்படியே நின்றான். ஆனால் பசித்த நாட்டில் அந்த நேரத்தில் வேறு வழி எது என்று சொன்னவர்கள் யாருமில்லை.

1966-ல் பதினெட்டாயிரம் டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து கப்பலேறியது. பயிர் பொய்த்திருந்தால் அந்த மனிதரின் அரசியல் வாழ்க்கை அன்றோடு தீர்ந்திருக்கும். அவரோ தில்லியில் தமக்குக் கொடுத்திருந்த அரசு பங்களாவின் புல்வெளியை உழச்சொல்லி, அதிலேயே அந்தக் கோதுமையை விதைக்க வைத்தார். சி.எஸ். என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான். அமைச்சர் வீட்டுப் புல்வெளியில் கதிர் முற்றுகிறது. வருகிற போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு அதெல்லாம் எட்டவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற எதிர்க்கட்சியின் பேச்சு மட்டும் எட்டியது. "வெறும் வயித்துக்காரனுக்கு வெதையக் காட்டுனா ஆகுமா கண்ணு?" என்றார் அப்பா. அவர் கோபம் நியாயமானது. காங்கிரஸ் தோற்றதற்கு அரிசி மட்டும் காரணமில்லை, இந்தித் திணிப்பும் காரணம். ஆனால் அந்த இந்தி விவகாரத்தில் 1965 பிப்ரவரியில், ஓ.வி.அளகேசனோடு சேர்ந்து, தம் அமைச்சர் பதவியையே விட்டு விலகுகிறேன் என்று கடிதம் கொடுத்தவர் இதே சி.எஸ். அந்தக் கடிதம் ஏற்கப்படவில்லை. எங்கள் ஊர் மேடைகளில் அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

அவர் தோற்ற மறுவருஷம், 1968-ல், வடக்கே அறுவடை வந்தது. 1964-65-ல் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னை ஒட்டி இருந்த கோதுமை, ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம் டன்னைத் தொட்டது. வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் மூட்டை அடுக்கினார்கள். கோதுமைப் புரட்சிக்கு அரசு அஞ்சல்தலை போட்டது. அப்போது அவர் அமைச்சருமில்லை, நாடாளுமன்ற உறுப்பினருமில்லை. எங்கள் அப்பா அந்தச் சமயம் வயலில் ஐ.ஆர். எட்டு என்ற புது நெல்லை நட்டிருந்தார்.

பிறகு அவர் மீண்டும் வந்தார். 1971-ல் கிருஷ்ணகிரியில் ஜெயித்தார். திட்டம், தொழில், நிதி என்று துறைகள் மாறின. நெருக்கடி நிலைக் காலத்தில் நிதியமைச்சர். இந்தி விவகாரத்தில் பதவியைத் தூக்கிப்போடத் துணிந்தவர், 1975-ல் விலகவில்லை. அவரை நேசிக்கிற எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப்போக முடிவதில்லை.

1990-க்கு வருகிறேன். வி.பி.சிங் அரசு வந்ததும் பழைய கவர்னர்களை எல்லாம் ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அப்படிக் காலியான நாற்காலிகளில் ஒன்று சி.எஸ்.ஸுக்கு வந்தது. மகாராஷ்டிர ஆளுநர். வயது எண்பது. நான் அப்போது பம்பாயில் வங்கி வேலையில் இருந்தேன், மாதுங்காவில் ஒற்றை அறை. செய்தி வந்த அன்று எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டோம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வால்கேஷ்வர் பக்கம் போகும்போதெல்லாம் ராஜ்பவன் வாசலைப் பார்ப்பேன். மலபார் குன்றின் முனையில், மூன்று பக்கமும் கடல். மரங்கள், பழைய பங்களாக்கள், வெட்டிச் சீராக்கிய புல்வெளி, அதில் மயில்கள். வெள்ளைக்கார கவர்னர்கள் வாழ்ந்த இடம். அங்கே அவருடைய வேலை என்ன என்று யோசித்துப் பார்ப்பேன். சட்டமன்றம் கூடும்போது அமைச்சரவை எழுதிக் கொடுத்ததை "என்னுடைய அரசு" என்று வாசிக்க வேண்டும். அதில் ஒரு வரியை மாற்ற அவருக்கு உரிமையில்லை. பதவிப் பிரமாணம் செய்து வைக்க வேண்டும்: 1990 மார்ச்சில் சரத் பவார், 1991 ஜூனில் சுதாகர்ராவ் நாயக். பல்கலைக்கழகங்களுக்கு வேந்தர், பட்டமளிப்பு விழாவில் அங்கி. அரசியல் சட்டத்தின் 163-ஆவது பிரிவு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நட என்கிறது. 156-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் விரும்பும்வரை இரு என்கிறது. அந்த விருப்பமும் உண்மையில் தில்லி அமைச்சரவையின் விருப்பம்தான்.

அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அந்த அடக்கம் ஜனநாயகத்துக்குத் தேவை. ஓட்டு வாங்காதவர் ஆளக்கூடாது. ஆனால் நாட்டுக்கு விதை தேடிய ஒருவரை எண்பது வயதில் எங்கே உட்காரவைத்தால் பயன்படுவார் என்று யாரும் யோசிக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. மரியாதை செய்வதாக நினைத்து, அவர் வாயைக் கட்டிப்போட்டார்கள்.

1992 டிசம்பர் 6-ல் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. மதக் கலவரத்தில் பம்பாய் எரிந்தது. ஜனவரியில் மறுபடி எரிந்தது. மாதுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். அங்கே எங்கள் தமிழ் ஜனம் நிறைய. இரவு ஊரடங்கில் விளக்கை அணைத்துவிட்டு, தெருவில் ஓடுகிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களில்தான் செய்தி வந்தது. பிரதமர் நரசிம்மராவ் செயல்படும் விதத்தைக் குறை சொல்லி சி.எஸ். பேசியது வெளியே வந்துவிட்டது. அவர் ராஜினாமா செய்துவிட்டார். முன்பு தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த பி.சி.அலெக்சாண்டர் அந்த இடத்துக்கு வந்தார்.

நகரம் பற்றி எரியும்போது கவர்னர் வேறு போகிறாரே என்று அறைக்கூட்டாளி வருத்தப்பட்டான். எனக்கு வருத்தம் வரவில்லை. 1954-ல் கட்சித் தலைமைக்குக் காமராஜரையே எதிர்த்து நின்று தோற்றவர் அவர். காமராஜர் அவரை ஒதுக்காமல் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். மாற்றுக் கருத்தைச் சொன்னவனுக்கும் இடமிருந்த காலம் அது. முப்பத்தொன்பது ஆண்டு கழித்தும் அவர் அதே ஆளாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

அந்தப் பொங்கலுக்கு ரயில் ஏற முடியவில்லை. மாசியில்தான் ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. வரப்பில் உட்கார்ந்து கவர்னர் மாளிகை எப்படி இருக்கும் என்று விசாரித்தார். உள்ளே போனதில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன். கடல், மரங்கள், மயில்.

"நெலம் எத்தன ஏக்கரா கண்ணு?"

"ஒரு அம்பது இருக்குமுங்கப்பா."

"என்ன வெள்ளாம?"

"வெள்ளாமை ஒண்ணுமில்லீங்க. புல்லுத்தான்."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. மடையில் தண்ணீர் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அந்த எலச்சன்ல நானும் அவருக்குப் போடல," என்றார்.